வேகப் பிரியன் வீட்டில் இருந்தால்...

"சமையலும் குழந்தை வளர்ப்பும் வருகிற பக்கத்தில் கார் ரேஸுக்கு என்ன வேலை?" என்று சகோதரிகள் சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. பதினெட்டு வயதைத் தாண்டிய பிள்ளை உள்ள வீடுகளில் பாதியில் இந்தப் பேச்சுதான். சாதம் ஆறிப் போவது தெரியாமல் போனில் கார் வீடியோ பார்க்கிறவன் உங்கள் வீட்டிலும் இருப்பான். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகும் இந்தப் பைத்தியம் தெளியாத கணவன்மார்களும் உண்டு.

ஆண்பிள்ளை சமாசாரம் என்று நாம் ஒதுங்கவும் முடியாது. உலகத்திலேயே முதன்முதலாகக் காரில் நெடுந்தூரம் போனது ஒரு தாய்தான். 1888-ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் செய்த வண்டியில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல்! வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்துபோனபோது, செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடிக்க வைத்தார். ஆக, "வண்டி ஓடினால் மட்டும் போதாது, நிற்கவும் வேண்டும்" என்று அந்தக் காலத்திலேயே கவலைப்பட்டது ஓர் அம்மா!

அந்தக் கவலைதான் என்னையும் ரேஸ் மைதானம் வரை கொண்டுபோனது.

எங்கள் வீட்டுக் கதை

என் பெரியவனுக்கு இருபத்திரண்டு வயது. வேலைக்குப் போன முதல் வருஷமே, சேர்த்த பணத்தில் ஒரு சின்னக் கார், செகண்ட் ஹாண்டில் வாங்கினான். அதைக் குளிப்பாட்டுவதும் துடைப்பதும் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சனிக்கிழமை ராத்திரிகளில் சிநேகிதர்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிளம்ப ஆரம்பித்தான். எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பையன் இப்படி நள்ளிரவில் பந்தயம் கட்டி ஓட்டப்போய், காலில் ராட் வைத்து ஏழு மாதம் படுத்திருந்தான். அவன் அம்மா அவனைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்கு அழைத்துப்போனதைப் பார்த்தவள் நான்.

"சாவியைப் பிடுங்கி பீரோவுல வை" என்றார் என் கணவர். சம்பாதிக்கிற பிள்ளையிடம் சாவியைப் பிடுங்கினால் சிநேகிதன் வண்டியில் ஏறிக்கொள்வான். அது இன்னும் மோசம். நான் வேறு மாதிரி பேசிப் பார்த்தேன்.

"ஏன்டா, வேகமா ஓட்டணும்னா அதுக்குன்னே ஒரு இடம் இருக்காமே. அங்கே போய் ஓட்டேன். எதிர்ல லாரியும் வராது, மாடும் வராது."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "டிராக்கைச் சொல்றியா? நீயும் வர்றியாம்மா?"

"வர்றேன்" என்றேன். எனக்கும் கார் ஓட்டத் தெரியும். பதினோரு வருஷமாக ஸ்கூல், மார்க்கெட், மாமியாரின் டாக்டர் என்று ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு

நம் சென்னைக்கும் கார் பந்தயத்துக்கும் பழைய உறவு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட சோழவரம் விமான ஓடுபாதையில்தான் வெகு காலம் பந்தயங்கள் நடந்தன. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்த கதையை என் அப்பா இன்னும் சொல்வார். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமாக ஒரு டிராக் அமைத்தது. 1990-லிருந்து அங்கே பந்தயம் நடக்கிறது. சுற்றளவு சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோயமுத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அந்தக் கோயமுத்தூர்ப் பிள்ளை நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். பெண்கள் இல்லையா என்றால், பைக்கிலும் காரிலும் பந்தயம் ஓட்டிய அலிஷா அப்துல்லாவும் நம் சென்னைக்காரர்தான்.

பந்தயம் இல்லாத நாட்களில், சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கவும், ஆசிரியரை வைத்துக் கற்றுக்கொள்ளவும் ஏற்பாடு செய்கிறார்கள். இதற்கு 'டிராக் டே' என்று பெயர். இங்கே யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. இருபது நிமிஷம் ஓட்டுவார்கள், பிறகு வண்டிக்கும் ஆளுக்கும் ஓய்வு, மறுபடி இருபது நிமிஷம்.

வண்டியைக் காலி செய்!

காலை ஆறரைக்கே போய்விட்டோம். நான் இட்லி கட்டி எடுத்துப் போயிருந்தேன். போனதும் முதல் உத்தரவு, "வண்டியில இருக்கிற எல்லாத்தையும் இறக்குங்க" என்பதுதான். தண்ணீர் பாட்டில், குடை, சில்லறை, டாஷ்போர்டுப் பிள்ளையார், டிரைவர் காலடி மேட் எல்லாம் வெளியே வந்தன. காரணம் கேட்டேன். பயிற்சி தந்தவர் ஐம்பது வயதுக்காரர், அந்தக் காலத்தில் பைக் ரேஸ் ஓட்டியவர்.

"பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில போய் மாட்டிக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க மேடம்? இது டிராக்குக்கு மட்டுமில்ல, உங்க ஸ்கூல் டிரிப்புக்கும்தான்."

பிள்ளைகளின் வாட்டர் பாட்டில் எத்தனை தடவை நம் காலடிக்கு உருண்டு வந்திருக்கும்! அன்றிலிருந்து எங்கள் காரில் பாட்டில் எல்லாம் கதவுப் பையிலோ, மூடி போட்ட கூடையிலோதான்.

அடுத்து உடுப்பு. முழுக்கைச் சட்டை, முழுக் கால்சட்டை, காலை மூடும் ஷூ, ஹெல்மெட். துணி பருத்தியாக இருக்க வேண்டும், நைலான் கூடாது. ஏன் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம். நைலான் புடவையோடு அடுப்படியில் நிற்காதே என்று நம் அம்மாக்கள் சொன்ன அதே காரணம். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு வண்டிக்குப் பரிசோதனை. டயரில் எவ்வளவு பட்டன் மிச்சம், சக்கர நட்டு இறுக்கமா, பாட்டரி ஆடுகிறதா, ஆயில் ஒழுகுகிறதா, பிரேக் பேட் எவ்வளவு கனம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள்!

உட்காருவதில் ஒரு பாடம்

ஓட்டுவதற்கு முன் உட்காரக் கற்றுக்கொடுத்தார்கள். முதுகு முழுக்க சீட்டில் பதிய வேண்டும். தோளை எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக்கை அடிவரை மிதித்தாலும் முழங்கால் சற்று மடிந்தே இருக்க வேண்டும். கை இரண்டும் கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில். மார்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் ஒரு முழ ஸ்கேலாவது இடைவெளி இருந்தால் நல்லது. 25 சென்டிமீட்டருக்குக் குறையவே கூடாது. ஏர்பேக் வெடித்து விரிவதற்கு அந்த இடம் வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. சீட் பெல்ட்டைத் தவிர்க்காதீர்கள். இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படியட்டும். தோள்பட்டை மார்பகங்களுக்கு நடுவே வந்து வயிற்றுக்குப் பக்கவாட்டில் இறங்கட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரவே வேண்டாம். திடீரென்று பிரேக் பிடித்தால் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஏர்பேக்கின் வேகத்தைப் பிஞ்சு உடம்பும் தாங்காது.

ஒரு ரூபாய்க் கணக்கு

டயர் ஒவ்வொன்றும் ரோட்டைத் தொடுவது ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவு இடத்தில்தான். நாலு உள்ளங்கை இடத்தை நம்பித்தான் அத்தனை கனமான வண்டி ஓடுகிறது! அந்தப் பிடிமானத்தை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார் ஆசிரியர். அந்த ரூபாயை முழுக்கப் பிரேக்குக்குச் செலவழிக்கலாம். அல்லது முழுக்கத் திரும்புவதற்குச் செலவழிக்கலாம். இரண்டுக்கும் முழு ரூபாய் கேட்டால் டயர் கையை விரித்துவிடும், வண்டி சறுக்கும். மழையில் அந்த ரூபாயே பத்தணா, பன்னிரண்டணாவாகக் குறைந்துவிடும்.

ஒரே சம்பளத்தில் மாதம் தள்ளுகிற நமக்கு இது உடனே புரிந்துவிடும். என் பிள்ளைக்குத்தான் அரை நாள் பிடித்தது. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிக்கிற பழக்கம் அவனுக்கு. நேராகப் போகும்போதே பிரேக் வேலையை முடித்துவிட வேண்டும். பிறகு வெளி ஓரத்திலிருந்து உள் மூலையைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போனால் வளைவு நீளமாகிவிடும், அதே பிடிமானத்தில் சுலபமாகத் திரும்பலாம். வண்டி நிமிர நிமிர, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். டிராக் ஒருவழிப்பாதை என்பதால் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளலாம். சாலையில் நம் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. ஆனால் 'வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை' என்ற பாதி இரண்டுக்கும் பொது.

கண் போகிற இடத்துக்கே கை போகும், கை போகிற இடத்துக்கே கார் போகும் என்பது இன்னொரு பாடம். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்தில்தான் விடுவோம். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்.

மகளின் கணக்கு

ஆசிரியர் ஒரு கணக்குப் போட்டார். ஒரே மாதிரி இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. ஒன்று மணிக்கு 80 கிலோமீட்டர், மற்றது 100. இருவரும் ஒரே நொடியில், ஒரே மாதிரி பிரேக் பிடிக்கிறார்கள். 80-ல் வந்த கார் நிற்கிற இடத்தில், 100-ல் வந்த கார் என்ன வேகத்தில் இருக்கும்?

"இருபது" என்றான் என் பையன். நானும் அதைத்தான் நினைத்தேன். பதில், 60!

வீட்டுக்கு வந்து பத்தாவது படிக்கும் என் மகளிடம் கேட்டேன். பிரேக் தின்ன வேண்டியது வேகத்தையல்ல, வேகத்தின் வர்க்கத்தை என்று சொன்னதும் அவளே போட்டுவிட்டாள். 100-ன் வர்க்கம் 10,000. 80-ன் வர்க்கம் 6,400. மிச்சம் 3,600. அதன் வர்க்கமூலம் 60. ஒரு கார் குழந்தைக்கு முன்னால் அலுங்காமல் நிற்கும் இடத்தில், இருபது கிலோமீட்டர் கூட வந்த கார் 60-ல் வந்து மோதும்.

இதில் நாம் யோசித்துக் காலை பிரேக்குக்கு மாற்றுகிற நேரம் சேரவில்லை. 60-ல் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடந்துவிடும். போனைப் பார்த்து நிமிர்வதற்குள் நாலு கார் நீளம் போயிருப்போம்.

பிரேக்குக்கும் ஜுரம் வரும்

நாலு சுற்று வேகமாக ஓட்டிவிட்டு, ஐந்தாவது சுற்றை மெதுவாக ஓட்டிவரச் சொன்னார்கள். பிரேக் ஆறுவதற்காம். ஓடுகிற வண்டியின் வேகமெல்லாம் பிரேக்கில் சூடாகத்தான் மாறுகிறது. சூடு எல்லை மீறினால் பேட் பிடிப்பதை விட்டுவிடும். பிரேக் ஆயிலும் கொதித்துக் குமிழி விடும். குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குமே தவிர வண்டி நிற்காது. வந்து நிறுத்தியதும் ஹாண்ட் பிரேக்கும் போடவிடவில்லை. கொதிக்கிற டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும் என்று, கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்கள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மலை இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் இதே கதிதான். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உப்பு ஜாடி மாதிரி. ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதிக்கும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

நானும் மிதித்தேன்

மத்தியானம் "ஓட்டத் தெரிஞ்ச அம்மாக்கள் வாங்க, பிரேக் அடிச்சுப் பாருங்க" என்று கூப்பிட்டார்கள். புடவையில்லை, சுடிதார்தான் போட்டிருந்தேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நேர்ப் பாதையில் 60-க்குப் போய், கம்பம் வந்ததும் முழு பலத்தோடு பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்தேன். பெடல் காலுக்கடியில் 'டர்ர்ர்' என்று உதறியது.

"விடாதீங்க! இன்னும் மிதிங்க! அப்படியே ஸ்டியரிங்கைத் திருப்புங்க!"

திருப்பினேன். வண்டி கம்பத்தை ஒதுங்கிக்கொண்டு நின்றது. அதுதான் ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டுவிட்டுப் பிடிக்கிற சாதனம். நம் நாட்டில் 2019-லிருந்து புதுக் கார்களுக்குக் கட்டாயமாகிவிட்டது. உதறுகிறதே என்று காலை எடுத்தால் அதன் பயன் போயிற்று. மூன்று தடவை செய்த பிறகு என் காலுக்கு அது பழகிவிட்டது. இறங்கும்போது முழங்கால் நடுங்கியது வாஸ்தவம். ஆனால் அந்த நாள் முழுவதிலும் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

பயமே இல்லையா?

இருக்கிறது. மறைக்கக்கூடாது. 2023-ல் இதே இருங்காட்டுக்கோட்டையில் ஜனவரி மாதம் 59 வயதான அனுபவசாலி கார் பந்தய வீரர் ஒருவரும், ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுப் பையன் ஒருவன் பைக் பந்தயத்திலும் இறந்துபோனார்கள். ஹெல்மெட், ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தும் நடந்தது. ஆகவே ஒருவரோடொருவர் மோதும் பந்தயம் வேறு, ஆசிரியரோடு கற்றுக்கொள்ளும் நாள் வேறு என்பதை மனதில் வையுங்கள். நான் என் பிள்ளைக்குச் சம்மதித்தது இரண்டாவதற்குத்தான். பந்தயம் என்றால் இன்னும் பல வருஷப் பயிற்சி, இன்னொரு நாள் பேச்சு என்று சொல்லியிருக்கிறேன்.

டிராக்கில் வளைவுக்கு வளைவு ஆள் நின்று கொடி காட்டுகிறார். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழிவிடு. கறுப்புக் கொடியை நீட்டினால் 'உன்னைத்தான், உள்ளே வா' என்று அர்த்தம். என் பிள்ளைக்கு ஒருமுறை கறுப்புக் கொடி கிடைத்தது. மஞ்சள் கொடியைப் பார்த்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். நான் பத்து வருஷம் கத்தியும் கேட்காதவன், அங்கே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்!

சாயங்காலம் ஆசிரியர் கண்டிப்பாக ஒன்று சொன்னார். "இன்னிக்கு வீட்டுக்கு வண்டியை நீங்க ஓட்டுங்க மேடம். டிராக்கிலிருந்து இறங்கினதும் எண்பது, நாற்பது மாதிரி தெரியும்." சாவியை அவனே என்னிடம் நீட்டினான். பூந்தமல்லி வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த பஸ்காரன் எவ்ளோ கிட்ட வர்றான் பாரும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

அவன் ஒரே நாளில் மகானாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். கார் பேச்சு அதிகமாகித்தான் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை ராத்திரிகள் நின்றுவிட்டன. வருஷத்துக்கு இரண்டு தரம் டிராக்குக்குப் பணம் சேர்க்கிறான். டயரும் பேட்டும் என்ன விலை என்று தெரிந்ததில், ரோட்டில் அவற்றைத் தேய்க்க அவனுக்கே மனசில்லை.

உங்கள் பிள்ளையும் கேட்டால்...

* லைசென்ஸ் இல்லாமல் எங்கேயும் வேண்டாம். பதினெட்டு வயதாகாத பிள்ளை சாலையில் ஓட்டிக் குற்றம் செய்தால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. பொதுச் சாலையில் பந்தயம் கட்டுவது எந்த வயதிலும் குற்றம்.

* முதல் தடவை ஆசிரியர் உண்டா, ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படித்துப் பாருங்கள்.

* சாதாரண கார் இன்ஷூரன்ஸ், பந்தயத்துக்கும் வேகப் பரீட்சைக்கும் பணம் தராது. அடிபட்டால் நம் கைக்காசுதான். அதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

* முதல் நாள் ராத்திரி நல்ல தூக்கம் வேண்டும். காலையில் இட்லி மாதிரி லேசான ஆகாரம் போதும். ஹெல்மெட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடும். ஒவ்வொரு இடைவேளையிலும் தண்ணீர், உப்புப் போட்ட மோர் கொடுங்கள்.

* டயர் காற்றை, வண்டி ஆறியிருக்கும் காலை வேளையில் பாருங்கள். ஓடிச் சூடானபின் பார்த்தால் கூடுதலாகக் காட்டும்.

* முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். ஓட்டத் தெரிந்தால், பிரேக்கை ஒருமுறை முழு பலத்தோடு மிதித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.